நனையாத பங்கர்

போன ஆவணியில் கிளிநொச்சியில் ஒரு கலியாண மண்டபத்தில் நான் மேசைக்குக் கீழே போனேன். விழுந்த கரண்டியை எடுக்கப் போனதாகத்தான் மனைவிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நடந்தது வேறு. மாப்பிள்ளை பொம்பிளையைப் படம் எடுக்கவென்று ஒரு பொடியன் அந்தப் பறக்கிற கமராவை முற்றத்தில் எழுப்பினான். அது இரைந்துகொண்டு வாசலுக்கு நேரே வந்தது. மிச்சத்தை என் கால்கள் பார்த்துக்கொண்டன. என்னிடம் ஒரு சொல்லுக் கேட்கவில்லை. மேசைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் அங்கே ஏற்கெனவே இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற தபாற்காரர். மற்றவர் மாப்பிள்ளையின் சொந்தத் தாய்மாமன், பட்டுவேட்டியோடு. மூன்று பேரும் ஆளையாள் பார்த்தோம்.

"தம்பிக்கும் கரண்டியோ?" என்று கேட்டார் தாய்மாமன்.

"ஓமண்ணை," என்றேன்.

என் வயதுக்காரரே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகளிடம் தொடங்கினால் "அப்பாவின்ர பங்கர் கதை" என்று எழும்பிப் போய்விடுகிறார்கள். அவர்களிலும் பிழையில்லை. நான் பயந்த கதைகளை ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிச் சொல்லியே எனக்கொரு பெயர் வந்துவிட்டது. செத்த வீட்டிலும் என்னைக் கண்டால் சனம் வாயைப் பொத்திக்கொள்ளும், சிரிப்பு வந்துவிடுமென்று. ஆனால் அந்தக் கதைகளை நான் எப்போதும் ஓரிடத்தில் வெட்டிவிடுவேன், அக்கா வருகிற இடத்தில். இந்தமுறை வெட்டாமல் எழுதிப் பார்க்கிறேன். இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் சொல்லப்போகிற மாரிகாலம் முடியும்போது அக்கா எங்களோடு இருக்கவில்லை. அவவைக் குண்டு கொல்லவில்லை.

எங்கள் வீடு உருத்திரபுரத்தில், பெரிய வாய்க்காலுக்குப் பக்கத்தில். குடியேற்றத் திட்டத்தில் காணி கொடுத்த காலத்தில் அப்பாவின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டின நிலம். வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவ.

பொருளாதாரத் தடைக் காலம். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்ல ஆசையாயிருக்கிறது. சவுக்காரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் தங்கம். விளக்கென்றால் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் ஒரு சொட்டு எண்ணெய். அந்த வெளிச்சத்தில் படித்துப் பெரியாளாய் வந்தவர்கள் இருக்கிறார்களாம். எனக்கு அந்த வெளிச்சத்தில் புத்தகம் எந்தப் பக்கம் என்றே தெரிவதில்லை.

ரேடியோ கேட்கிறதென்றால் அப்பா சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து வைப்பார். நான் பெடலைக் கையால் சுற்றவேண்டும். டைனமோவில் வருகிற கரண்டில் ரேடியோ பாடும். நான் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துப்போவார். "விமானங்கள்" என்ற சொல் வந்தால் நான் வேகமாய்ச் சுற்றத் தொடங்கிவிடுவேன். உடனே செய்தி வாசிக்கிறவர் வீடு அதிரக் கத்துவார். "அவர் அங்க ஆறுதலாத்தான் வாசிக்கிறார், நீதானடா இஞ்ச சண்டையைத் தொடங்கிறாய்," என்பா அக்கா.

சவுக்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்தோம். அழுக்குப் போகும், உண்மை. ஆனால் இனிப்புப் போகாது. கொடியில் காய்ந்த என் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சேட்டை எங்கள் சிவப்பி மாடு சப்பிச் சப்பி ஒரு கையை முழுதாய் விழுங்கிவிட்டது. மறுநாள் ஒற்றைக் கைச் சேட்டோடு பள்ளிக்கூடம் போனேன். வகுப்பு மாஸ்ரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிச்சத்தை நாளைக்குச் சாப்பிடுமோ?" என்று கேட்டார்.

இனி என் பயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது சாதாரணப் பயமில்லை; ஒரு கலை. மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார்சைக்கிள் தூரத்தில் இருமினால் நான் முற்றத்துப் பங்கர்க் குழிக்குள். ஆலையில் நெல்லுக் குத்தத் தொடங்கினால் பங்கருக்குள். ஒருமுறை மாஸ்ரர் நித்திரையில் குறட்டை விட்டதற்கு ஓடி, என்னைப் பார்த்து வகுப்பே ஓடி, வகுப்பைப் பார்த்துக் கடைசியில் மாஸ்ரரும் எழும்பி ஓடி வந்து எங்களுக்குப் பக்கத்தில் குந்தினார். பள்ளிக்கூடத்தில் நான் முதலாம் பிள்ளையாக வந்த ஒரே பாடம் அதுதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வானத்துக்குப் பயந்து உள்ளே ஓடுவேன். உள்ளே போனதும் குழிக்குப் பயம் வந்துவிடும். இருட்டு, தவளை, மண்மணம், மேலே கிடக்கிற பனங்குற்றிகள் எந்த நேரமும் தலையில் இறங்கும் என்ற எண்ணம். மூச்சு முட்டும். குண்டு போடுகிற பொம்மர் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்க, நான் வெளியே பாய்ந்துவிடுவேன். உள்ளே போவதிலும் முதல், வெளியே வருவதிலும் முதல்.

அப்பாவுக்கு அதுதான் விசர் பிடிக்கிற விசயம். காரணம் இருந்தது. ஒருமுறை மாங்குளத்துக்கு நெல்லுக் கொண்டுபோனபோது சந்தியில் பொம்மர் வந்தது. அப்பா வீதியோரக் கானுக்குள் படுத்தார். பக்கத்தில் படுத்திருந்த மனிதர் முதல் குண்டு விழுந்து ஓய்ந்ததும், "போயிட்டுது," என்று சொல்லிக்கொண்டு தன் சைக்கிளைப் பார்க்க எழும்பினார். பொம்மர் வட்டமடித்துத் திரும்பி வந்தது. அதற்கு மேல் அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அந்த மனிதரின் சைக்கிளுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். "நான் வந்து 'சரி' எண்டு சொல்லுமட்டும் ஒருத்தரும் வெளியால வரப்படாது. செத்தாலும் வரப்படாது." அதை மீறினதற்கு நான் அடி வாங்கிய பூவரசந்தடிகளை அடுக்கினால் ஒரு வேலியே கட்டலாம். அடித்தும் சரிவராமல், அப்பா அக்காவிடம் பொறுப்புக் கொடுத்தார்: "இவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இரு. விடாதை."

அக்காவிடம் ஒன்றைச் சொன்னால் முடிந்தது. ஊரில் அவவுக்குப் பெயரே 'சொல்வழி கேக்கிற பிள்ளை'. ஒருநாள் அப்பா வயற்கரையில் வைத்து, "மாட்டைப் பிடிச்சுக்கொண்டு நில், வாறன்," என்று கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனவர், யாரோடோ கதையில் மறந்துபோனார். அக்கா வெயிலில் பின்னேரம்வரை நின்றா. கயிறு அறுத்துக் கை தோலுரிந்துவிட்டது. அப்பா அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளையெண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்," என்றார்கள். இப்போது நினைக்கிறேன், அன்றைக்கு ஒருவராவது அவவை ஏசியிருக்கலாம்: "விசரி, மாட்டைப் பூவரசில கட்டிப்போட்டு நிழலுக்கு வந்திருக்கலாமே." அப்படியொரு வழி உலகத்தில் இருக்கிறது என்று அவவுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதற்காக அவவை ஒரு ஊமைப் பிள்ளை என்று நினைத்துவிடாதேங்கோ. பெரியாட்களுக்கு முன்னால்தான் அடக்கம். பங்கருக்குள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் நையாண்டி நடக்கும். "வெளியில போகாதை, பொம்மர் ஓட்டுறவன் உன்ர மூஞ்சியைக் கண்டு பயந்திடுவான். பாவம், அவனுக்கும் ஒரு அம்மா இருக்கும்." அவவிடம் ஒரு வாசச் சவுக்காரம் இருந்தது, தடைக்கு முன்னம் யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ஒருநாளும் நனைக்கவில்லை. சீலைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகி வைத்திருப்பா. எனக்கு மூச்சு முட்டத் தொடங்கினால் எடுத்து என் மூக்கடியில் பிடிப்பா. "இழு. இன்னும் இழு. காணும், மணம் முடிஞ்சிடும்."

ஐப்பசியில் மழை தொடங்கியது. வயல்நிலம், மண்வெட்டியை ஓங்கினாலே தண்ணீர் ஊறும் இடம். முற்றத்தில் இருந்த பங்கருக்குள் முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. பொம்மருக்கு மழைவிடுமுறை கிடையாது. மேகம் கொஞ்சம் விலகினால் வந்துவிடும். நாங்கள் இடுப்பளவு தண்ணீருக்குள் நின்று கடவுளைக் கும்பிட்டோம். ஒருநாள் தண்ணீரில் ஒரு பாம்பும் நின்றது. அது எங்களைப் பார்க்கவில்லை. எங்களைப் போல மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் வெளியே பாய்ந்த பாய்ச்சலுக்கு அப்பாகூட அடிக்கவில்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் பிடித்தது. பிறகு எனக்கு. மலேரியா. மருந்து எடுக்கிறதே பெரும்பாடு. அம்மா ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னா: "இஞ்சாருங்கோ, இப்பிடியே போனால் குண்டு விழ முன்னம் குளிரிலயே போய்ச் சேர்ந்திடுவம். உடையார்கட்டில தங்கச்சி வீட்டை போவம்."

"வயலை ஆர் பாக்கிறது?"

"வயல் எங்களைப் பாக்குதே?"

அப்பா எழும்பி வெளியே போய் மழைக்குள் நின்று நாலு பக்கமும் பார்த்தார். எங்கள் பக்கத்தில் அந்த மாரியில் காய்ந்து கிடந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: பெரிய வாய்க்காலின் கட்டு. வாய்க்காலில் தண்ணீர் வயலைவிட உயரத்தில் ஓடும். அதைத் தாங்க இரண்டு பக்கமும் மண்ணைக் குவித்து ஆளுயரத்துக்கு மேல் கட்டியிருந்தார்கள். மேலே வண்டில் போகும். எத்தனையோ வருசம் மாடும் மனிதரும் மிதித்து இறுகின மண். "சீமெந்து மாதிரி," என்றார் அப்பா. அடுத்தநாளே மண்வெட்டியோடு போய் வயல் பக்கத்துச் சரிவில் வெட்டத் தொடங்கினார்.

வாய்க்கால் ஓவசியர் சைக்கிளில் வந்து இறங்கினார். தண்ணீர்க் கதவுகளைத் திறக்கிறதும் பூட்டுறதும் அவருடைய வேலை. குடையை மடிக்காமலே கத்தினார்.

"என்ன வேலை பாக்கிறியள்? கட்டில பொந்து வைச்சால் என்ன நடக்குமெண்டு உங்களுக்கு நான் சொல்லவேணுமே? ஒரு நண்டு துளைச்சாலே வந்து அடைக்கிற மனிசன் நீங்கள்!"

அது உண்மை. வரம்பில் நண்டு வளை கண்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு அவர் நிமிரவில்லை.

"பாதிக் கட்டுக்குத்தான் போறன். அங்கால பாதி இருக்கு. ஓவசியர், நீங்கள் தண்ணியைப் பாருங்கோ. நான் பிள்ளையளைப் பாக்கிறன்."

ஓவசியர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அந்தக் கிழமை முடியமுன்னம் திரும்பி வந்தார், குடை இல்லாமல், மண்வெட்டியோடு. "எங்கட பங்கருக்கையும் தண்ணி," என்றார் நிலத்தைப் பார்த்தபடி. "பக்கத்தில ஒரு துண்டு விட்டுத்தாருங்கோ." அவருக்குப் பின்னால் மற்றக் குடும்பங்களும் வந்தன. மாரி நடுவில் அந்தக் கட்டு வரிசையாய் வாய் திறந்து கிடந்தது.

எங்கள் பங்கர்தான் அதில் திறம். அப்பா பனங்குற்றி அடுக்கி, உரப்பையில் மண் நிரப்பி மேலே போட்டு, வாசலை ஒரு வளைவு வைத்து வெட்டியிருந்தார். அம்மா சாணியும் களியும் குழைத்துச் சுவரை மெழுகினா. பாய் விரித்தோம். முதல்நாள் உள்ளே இருந்தபோது எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. உடம்பு காய்ந்திருப்பது அவ்வளவு பெரிய சந்தோசம். அப்பா பாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். "பார், ஒரு ஈரமில்லை." அவர் கட்டினவற்றில் அவர் இவ்வளவு பெருமைப்பட்டது வேறொன்றில்லை; வீட்டுக்குக்கூட அப்படிப் பெருமைப்படவில்லை.

மார்கழி பிறந்தும் மழை விடவில்லை. வாய்க்காலுக்குத் தண்ணீர் தருகிற குளம் நிரம்பிவிட்டது. குளத்தைக் காப்பாற்றவேண்டுமென்றால் வாய்க்காலில் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். திறந்தார்கள். வாய்க்கால் விளிம்புவரைக்கும் ஓடியது. பங்கருக்குள் பின்பக்கச் சுவரில் சாணி மெழுகு ஈரத்தில் மினுங்கத் தொடங்கியது. அப்பா உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"வேர்க்குது," என்றார். "மாரிக்கு எந்தச் சுவரும் வேர்க்கும்."

அவருக்குத் தெரியாததில்லை, அதுதான் கொடுமை. ஓவசியரும் வந்து பார்த்தார். "தெளிவோ, கலங்கலோ?" என்று கேட்டார். கசிகிற தண்ணீர் தெளிவாய் வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கட்டு உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். இரண்டு பேரும் ஒரு சிரட்டையில் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடி மாதிரித் தெளிவு. ஓவசியர் அதை எங்களுக்கும் காட்டினார். குடிக்கலாம் போலிருந்தது.

"மழை விட்டவுடன எல்லாத்தையும் மூடிவிடுவம்," என்றார் அப்பா.

"ஓம், மழை விடட்டும்," என்றார் ஓவசியர்.

அந்த நாள் காலமை வெயில் எறித்தது. கனநாளைக்குப் பிறகு வெயில். அம்மா நிவாரணம் எடுக்கச் சங்கக்கடைக்குப் போய்விட்டா. அப்பா வயலுக்குள் நின்று வரம்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் முற்றத்தில் ஈர நெல்லைப் பாயில் பரவிக்கொண்டிருந்தோம். வெயில் என்றால் பொம்மர் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சிவப்பி மாட்டின் வயிறு இரைந்ததற்கு அன்று விடியவே ஒருதரம் ஓடியிருந்தபடியால், இன்னொருதரம் ஓட வெட்கமாயிருந்தது. அதனால் உண்மையான இரைச்சல் வந்தபோது, என் வாழ்க்கையில் முதல்தரமாக, அக்கா எனக்கு முன்னால் ஓடினா.

உள்ளே போனதும் என் கையைப் பிடித்தா. பாய் நனைந்திருந்தது. பின்சுவரிலிருந்து தண்ணீர் ஒரு விரல் மொத்தத்துக்கு வந்துகொண்டிருந்தது. வாசலால் வந்த வெளிச்சத்தில் அதன் நிறம் தெரிந்தது. பால் விட்ட தேத்தண்ணி நிறம்.

"அக்கா, தண்ணி."

"தெரியுது."

மேலே பொம்மர் ஒரு வட்டம் அடித்தது. வயலுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது, தொண்டை கிழிய: "வெளியால வராதேங்கோ! நான் சொல்லுமட்டும் இருங்கோ!"

எனக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அக்கா இடுப்பிலிருந்து சவுக்காரத்தை எடுத்தா. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"அக்கா, வா."

"அப்பா இன்னும் சொல்லேல்லை."

"வா அக்கா!"

அவ என்னைப் பார்த்தா. பிறகு என் மணிக்கட்டை விட்டா. நான் இழுக்கவில்லை, அவவாகத்தான் விட்டா. அவ்வளவு காலத்தில் ஒருநாளும் விடாதவ. ஏன் விட்டா என்று இந்த வயதுவரைக்கும் யோசிக்கிறேன்.

"போறதெண்டால் போ," என்று சிரித்தா. "அடி வாங்கப்போறது நீதானே."

நான் பாய்ந்தேன். உங்களுக்குச் சொல்கிறேன், தண்ணீரின் நிறத்தைக் கண்டு அர்த்தம் விளங்கி நான் ஓடவில்லை. அந்த அறிவு எனக்கு எங்கேயிருந்து? நான் வழக்கம்போல ஓடினேன். மாஸ்ரரின் குறட்டைக்கு ஓடின அதே ஓட்டம்.

வெளியே வந்த என்னை அப்பா கண்டுவிட்டார். மண்வெட்டியை உயர்த்திக்கொண்டு, "உள்ளுக்கை போடா! போடா நாயே உள்ளுக்கை!" என்று கத்திக்கொண்டு சேற்றுக்குள் விழுந்தெழும்பி வந்தார். நான் அவருக்கும் பங்கருக்கும் நடுவில், எதற்குக் கூடுதலாய்ப் பயப்படுவது என்று தெரியாமல் நின்றேன். அப்போது எனக்குப் பின்னால் ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. ஒரு பசு நிலத்தில் படுக்கும்போது விடுகிற பெருமூச்சு மாதிரி. திரும்பிப் பார்த்தேன். கட்டு அந்த இடத்தில் அமுங்கிக் குந்திவிட்டது. அதற்கு மேலால் வாய்க்கால் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மற்றப் பங்கர்களிலிருந்து சனம் அலறிக்கொண்டு வெளியே வந்தது. அவர்கள் எல்லோரும் தப்பினார்கள். எங்களுடையதுதான் ஆழம் கூடினது. அப்பா எங்களுக்கென்று நல்லாய் வெட்டியிருந்தார். ஓவசியர் மேல் கதவைப் பூட்டச் சைக்கிளில் பறந்தார். அவர் பூட்டித் தண்ணீர் இறங்குமட்டும் ஒருவராலும் கிட்டப்போக முடியவில்லை. அப்பா மட்டும் போனார். தண்ணீர் அவரைத் தூக்கி எறிந்தது, திரும்பப் போனார். மண்வெட்டி பட்டுவிடும் என்று கையால் தோண்டினார்.

பொம்மர் அன்றைக்கு எங்கள் பக்கம் ஒன்றும் போடவில்லை. ஒரு வட்டம் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அம்மா மத்தியானம் திரும்பி வந்தா. தலையில் கோதுமை மாப் பை. வாசல் படலையில் நின்ற பெண்கள் முதலில் அந்தப் பையை இறக்கி, ஈரம் படாமல் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். மா நனைந்துவிடும் என்று யோசித்திருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அது தடைக்காலம்.

அக்காவைக் குளிப்பாட்டினபோது மண் இலேசில் போகவில்லை. தலைமயிருக்குள், காதுக்குள், நகத்துக்குள். யாரோ சவுக்காரம் கேட்டார்கள். ஊர் முழுக்க ஒரு துண்டு இல்லை. அவவுடைய சவுக்காரமும் மண்ணோடு போய்விட்டது. தோண்டினவர்கள் யாரும் காணவில்லை. வெறும் தண்ணீரால்தான் கழுவினார்கள், வாளி வாளியாய். அந்த மாரியில் எங்களிடம் குறைவில்லாமல் இருந்தது தண்ணீர் ஒன்றுதான்.

அம்மா கத்தி அழவில்லை. அப்பா சேற்றுக் கையோடு சுவரில் சாய்ந்து குந்தியிருந்தார். அம்மா அவரிடம் ஒரேயொரு வசனம் சொன்னா. கோபமாய்க்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாய், ஒரு செய்தி போல.

"பிள்ளை உங்கட சொல்லைக் கேட்டிட்டுதப்பா."

வந்த சனம் என்னைத் தடவித் தடவிப் பார்த்தது. "நல்லகாலம், பொடியனெண்டாலும் தப்பீட்டான்." "அவன்ர பயம் அவனைக் காப்பாத்திப்போட்டுது." என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள். ஒரு மாமி எனக்குப் பனங்கட்டித் துண்டு ஒன்று தந்து, "நீ கெட்டிக்காரனடா மோனை," என்றா. எந்தக் கெட்டித்தனத்துக்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பனங்கட்டியைத் தின்றேன்.

கிரியைகள் முடியமுன்னமே அப்பா கட்டுக்குப் போய்விட்டார். உடைந்த இடத்தை அடைத்தார். பிறகு மற்றப் பங்கர்களை ஒவ்வொன்றாய் மூடினார். ஓவசியர் உதவிக்கு வந்தார். இரண்டு பேரும் மண் சுமந்தார்கள். மண்ணைப் போட்டுப் போட்டு மிதித்தார்கள். வயல் தப்பியது. நெல்லு அந்தமுறை நல்லாய் விளைந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் அதைப் பார்த்த நினைவில்லை. பார்த்திருக்கத்தான் வேண்டும், சோறு தின்றிருக்கிறேனே.

அந்த நாட்களில் ஒருநாள் பின்னேரம் பொம்மர் திரும்ப வந்தது. அம்மா பக்கத்து வீட்டில் இருந்தா. அவவைச் சனம் இழுத்துக்கொண்டு ஓடியது தெரிந்தது. நான் முற்றத்தில் ஒரு பனங்குற்றியில் குந்தியிருந்தேன். இரைச்சல் கேட்டது. காது கேட்டது, நெஞ்சு அடித்தது, எல்லாம் சரி. கால்கள் வரவில்லை. ஊரிலேயே முதலில் ஓடுகிற கால்கள். நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு யாருடையவோ போல.

அப்பா வாய்க்கால் கட்டின் மேலே நின்றபடி என்னைக் கண்டார்.

"ஓடடா!"

நான் அசையவில்லை. அவர் மண்வெட்டியை எறிந்துவிட்டு இறங்கி வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் வந்து குந்தி, என் தோள் இரண்டையும் பிடித்தார். அப்பாவின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் முன்னம் பார்த்ததில்லை.

"ஓடு ராசா. அப்பா இனி அடிக்கமாட்டன். ஒருத்தரையும் கேளாதை. நீ ஓடு."

"எங்கையப்பா?" என்றேன்.

நக்கலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டேன். அப்பா சுற்றிப் பார்த்தார். முற்றத்துப் பங்கரில் தண்ணீர் விளிம்புவரை நின்றது. கட்டில் இருந்த பங்கர்களை அவரே மூடிவிட்டார். பொம்மர் தலைக்கு மேலே திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா என்னைத் தூக்கினார். அந்த வயதில் என்னை யாரும் தூக்குவதில்லை. கால் இரண்டும் அவர் முழங்காலில் இடிக்க, வேலி பிரிந்த பொட்டுக்குள்ளால் ஓடிப்போய் வயலுக்குள் இறங்கி, பச்சைப் பயிருக்குள் என்னைத் தண்ணீரில் கிடத்தி, தானும் மேலே படுத்தார்.

ஒரு காது சேற்றுக்குள். மற்றக் காதில் அப்பாவின் தாடி. பொம்மர் வட்டமடித்தது. பிறகு எங்கேயோ தூரத்தில் போட்டது; தண்ணீர் மெல்லக் குலுங்கியது. பிறகு இரைச்சல் தேய்ந்து, தவளைகள் திரும்பவும் தொடங்கிவிட்டன.

அப்பா எழும்பவில்லை.

அவருடைய பாரம் முழுக்க என் மேல் கிடந்தது. அது குலுங்கத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு என்னையும் சேர்த்து, சுற்றியிருந்த பயிரும் தண்ணீரும் அசைய. சத்தமில்லை. முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு காலமும் நான் ஓடினதுக்கு என்னை அடித்தவர், இப்போது தானே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து சேற்றுக்குள் கிடக்கிறாரே என்று நினைத்துச் சிரிக்கிறார் என்றுதான் அந்த வயதில் எனக்குப் பட்டது.

நானும் சிரித்தேன்.